பொம்பள மெடிக்கல்

வேங்கிக்காலில் மகள் வீட்டுக்குக் குடிவந்து மூன்று வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் செங்கம் ரோட்டுப் பக்கம் ஏதாவது வேலையாகப் போனால் திரௌபதியின் கண் ஆட்டோவுக்கு வெளியே தானாகத் தேடும். பழைய கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். கண்ணாடிக் கதவு, உள்ளே நீல விளக்கு, வாசலில் கத்திக்கொண்டிருக்கும் ஸ்பீக்கர். முப்பத்தொரு வருடம் அங்கே ஒரு மருந்துக்கடை இருந்தது. போர்டில் முதலாளி குமரேசனின் பெயர்தான் பெரிய எழுத்தில் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி யாரும் வழி கேட்டதில்லை. "பொம்பள மெடிக்கல் எந்தப் பக்கம்?" என்றுதான் கேட்பார்கள். அந்தப் பொம்பளை திரௌபதி.

தொண்ணூற்றொன்றில் அவளுக்கு இருபத்து நான்கு வயது. செங்கத்துக்குப் பக்கத்தில் நிலக்கடலை போட்டுப் பிழைத்த அப்பாசாமியின் மூத்த பெண். ஊர் அம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடந்துகொண்டிருந்த நாளில் பிறந்ததால் அந்த அம்மன் பெயரையே வைத்துவிட்டார்கள். வேலூரில் ஹாஸ்டலில் தங்கி இரண்டு வருடம் டி.பார்ம் படித்தாள். முடித்த கையோடு கல்யாணம். மாப்பிள்ளை மணிவேல் மின்வாரியத்தில் வயர்மேன். கம்பத்தில் ஏறினால் மட்டும் சுறுசுறுப்பு. கீழே இறங்கிவிட்டால் பத்துக் கேள்விக்கு ஒரு பதில்.

மணிவேலுக்குத் தெரிந்தவர்தான் குமரேசன். மருந்துக்கடை வைக்க லைசன்ஸ் வேண்டும். லைசன்ஸ் கிடைக்க, படித்த மருந்தாளுநர் ஒருவரின் சான்றிதழ் வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாழைப்பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஏம்மா, நீ கடைக்கெல்லாம் வந்து கஷ்டப்பட வேணாம். சர்டிபிகேட்ட மட்டும் குடு, பிரேம் போட்டு மாட்டிக்கறேன். ஒண்ணாந்தேதியானா வீடு தேடிப் பணம் வந்துடும்."

"இன்ஸ்பெக்டர் வந்தா?"

"அன்னிக்கி மட்டும் ஆள அனுப்பறேன். வந்து நின்னுட்டுப் போயிடு."

திரௌபதி அவருக்குக் காபியை வைத்தாள். "ரெண்டு வருஷம் ஹாஸ்டல்ல புழு விழுந்த சோத்தத் தின்னு படிச்சது செவுத்துல தொங்கறதுக்காண்ணே? சர்டிபிகேட் வேணும்னா என்னையும் சேத்துக் கூட்டிட்டுப் போங்க. ரெண்டும் ஒண்ணாத்தான் வரும்."

குமரேசன் மணிவேலைப் பார்த்தார். மணிவேல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தான். அங்கிருந்து கண்ணை எடுக்காமலே, "அவ சொன்னா சொன்னதுதாண்ணே" என்றான். அன்றைக்கு அவன் பேசிய மிக நீளமான வாக்கியம் அது.

கடை திறந்த முதல் மாதம் வந்த ஆண்கள் அவளைத் தாண்டிப் பின்னால் உட்கார்ந்திருந்த குமரேசனைத்தான் பார்த்துப் பேசினார்கள். "அண்ணே, ஜொரம், ஒரு செட்டு குடுங்க." செட் என்றால் நாலைந்து மாத்திரையைப் பிரித்து ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுப்பது. மஞ்சளில் ஒன்று, சிவப்பில் ஒன்று, நடுவில் குட்டியாக ஒரு வெள்ளை. என்ன மாத்திரை என்று வாங்குகிறவருக்கும் தெரியாது, பல இடங்களில் கொடுக்கிறவருக்கும் தெரியாது. ஆனால் இரண்டு வேளையில் ஆள் எழுந்து வேலைக்குப் போய்விடுவான். அந்தக் குட்டி வெள்ளை ஸ்டீராய்டு மாத்திரை என்ன செய்யும், தொடர்ந்து தின்றால் உடம்பு எப்படி ஊதும் என்று திரௌபதி படித்திருந்தாள். செட் போட மாட்டேன் என்றுவிட்டாள்.

"எத்தினி நாளா ஜொரம்? வாந்தி இருக்கா? வேற ஏதாவது மாத்திர சாப்புடறீங்களா?" என்று அவள் கேட்டால், வந்தவர்களுக்கு எரிச்சல். மருந்து வாங்க வந்த இடத்தில் போலீஸ் ஸ்டேஷன் மாதிரி கேள்வி. சிலர் அப்படியே எதிர்க் கடைக்குப் போனார்கள்.

குமரேசன் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார். "வயித்தால போவுதுன்னு வந்தவனுக்கு உப்பு சக்கரத் தண்ணி கலக்கிக் குடின்னு சொல்லி அனுப்பறியே, அப்புறம் எதுக்கும்மா இந்தக் கட?"

"நாளைக்கி அவனே வருவாண்ணே பாருங்க."

மறுநாள் அவன் வரவில்லை. மூன்றாம் நாள் அவன் பெண்டாட்டி வந்தாள். வந்தவள் கவுண்டரில் நின்றிருந்த இரண்டு ஆண்கள் போகிறவரை தெருவைப் பார்த்து நின்றாள். பிறகு கிட்டே வந்து குரலைத் தாழ்த்தி, "யக்கா, நீ உப்புத் தண்ணி குடுக்கச் சொன்னியாம், நல்லாயிட்டாரு. எனக்கு ஒண்ணு கேக்கணும்" என்றாள்.

அவள் கேட்டது வெள்ளைப்படுதலைப் பற்றி. ஐந்து மாதமாக இருக்கிறது, அரிப்பு, தூக்கமில்லை. மாமியாரிடம் சொல்ல முடியவில்லை, டாக்டர் ஆம்பளை. திரௌபதி மாவு சலிப்பது போல ஒவ்வொன்றாகக் கேட்டு, மருந்தும் கொடுத்து, இத்தனை நாளில் குறையவில்லை என்றால் இன்ன கிழமை ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் இருப்பார் என்றும் எழுதிக் கொடுத்தாள். அந்தப் பெண் காகிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். அடுத்த வாரம் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

அப்படித்தான் அது ஆரம்பித்தது. பூக்கடைக்காரி, ஸ்கூல் டீச்சர், லாட்ஜில் அறை கூட்டும் பெண்கள், கிரிவலப் பாதையிலிருந்து பஸ் ஏறி வரும் கிராமத்து மனுஷிகள். பால் கட்டிக்கொண்டது, மார்க்காம்பு வெடித்தது, தீட்டு தள்ளிப் போனது, தீட்டு நிற்காமல் போனது. இருமலும் சளியும் சொல்லி ஆரம்பிப்பார்கள். அது கவுண்டரில் நிற்பதற்கு ஒரு சாக்கு. திரௌபதி காத்திருப்பாள். ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு போட்டு, பழைய புடவையைக் கிழித்துத் திரை தொங்கவிட்டாள். நாப்கினைச் செய்தித்தாளில் சுற்றிக் கருப்புக் கவரில் போட்டுக் கொடுப்பது எல்லாக் கடையிலும் வழக்கம். அவள் கடையிலும் அப்படித்தான் கொடுத்தாள். கேட்டு வாங்கத்தான் யாரும் கூச்சப்படவில்லை.

எதிர்க் கடைக்காரர்தான் கிண்டலாகப் பேர் வைத்தார். "பொம்பள மெடிக்கல்ல போய் கேளு." கிண்டல் இரண்டு மாதத்தில் தேய்ந்து பேர் மட்டும் நின்றுவிட்டது. குமரேசனுக்கு முதலில் மானக்கேடாக இருந்தது. பிறகு அவர் பெண்டாட்டியே அந்தத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனதும் அடங்கிவிட்டார்.

இத்தனை பேரில் திரௌபதி அதிகம் நினைப்பது பச்சையம்மாளைத்தான். அடி அண்ணாமலைக்காரி. பௌர்ணமி தோறும் பாதையோரம் நீர்மோர் விற்பாள்; மற்ற நாளில் கொல்லைக் காட்டில் கூலி வேலை. இரண்டாயிரத்து ஒன்றில், மாசி மாதமாக இருக்கும், இருமல் டானிக் கேட்டு வந்தாள். ஒரு வாரத்தில் மறுபடியும் வந்தாள். மூன்றாவது தடவை வந்தபோது ஜாக்கெட் தோளில் நிற்காமல் நழுவியதைத் திரௌபதி பார்த்தாள்.

"சாயந்தரம் ஆனா மேலு காயுதா?"

"லேசா. வெயில்ல நிக்கறனே, அதான்."

"எத்தினி நாளா இருமல்?"

"ஒரு மாசம் இருக்கும். டானிக்க குடு, பஸ்ஸு போயிடும்."

"இனிமே டானிக் குடுக்க மாட்டேன். பெரியாஸ்பத்திரிக்குப் போயி சளி டெஸ்ட் எடு."

சளி டெஸ்ட் என்றதும் பச்சையம்மாளின் முகம் மாறிவிட்டது. "இன்னா சொல்ற நீ? எனக்கு அந்த நோவுன்னு சொல்றியா? எங்கூட்டுல பொண்ணு கீறா, தெரியுமா? தையில மாப்ள ஊட்டுக்காரங்க வந்துட்டுப் போனாங்க. வாயக் கழுவு" என்று கத்திவிட்டு எதிர்க் கடையில் டானிக் வாங்கிக்கொண்டு போனாள். தெருவே திரும்பிப் பார்த்தது.

பத்து நாள் திரௌபதிக்குச் சோறு இறங்கவில்லை. பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அவளுக்கு அந்தப் பெண்ணின் பெயர் மட்டும்தான் தெரியும். அடி அண்ணாமலையில் இறங்கி, நீர்மோர் விற்கிற பச்சையம்மாள் வீடு எது என்று விசாரித்துக்கொண்டே போனாள். வீட்டு வாசலில் மகளும் இருந்தாள். பச்சையம்மாள் பதறிப்போய் அவளைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"இங்கயும் வந்துட்டியா? யாராவது கேட்டா இன்னா சொல்றது?"

"கடையில வேல பாக்கறவ, மோர் வாங்க வந்தேன்னு சொல்லு. டெஸ்டு காசு கெடையாது, மாத்திர காசு கெடையாது. ஆறு மாசம் ஒழுங்கா தின்னா செரியாப் போயிடும். தின்னலன்னா அந்தப் பொண்ணுக்கும் ஒட்டிக்கும், பேரப்புள்ள பொறந்தா அதுக்கும் ஒட்டிக்கும். நீ கூச்சப்பட்டா நான் கூட வரேன்."

பச்சையம்மாள் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்தாள். இருமல் வந்தபோது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதில் ஒரு பொட்டு ரத்தம் இருந்ததை இருவரும் பார்த்தார்கள்.

திங்கட்கிழமை இருவரும் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றார்கள். நோய் அதேதான், காசநோய். ஆறு மாதமும் மாத்திரை வாங்கிவிட்டு பச்சையம்மாள் கடைக்கு வந்து, தின்றதைச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். கல்யாணத்தை ஆவணிக்குத் தள்ளினார்கள். காரணம் கேட்டவர்களுக்குச் சொல்ல அண்ணன் பெண்டாட்டியின் பிரசவத் தீட்டு ஒன்று நல்லவேளையாகக் கிடைத்தது. கல்யாணத்தில் பச்சையம்மாள் பழைய ஜாக்கெட்டையே போட்டிருந்தாள். அது தோளில் சரியாக நின்றது. திரௌபதிக்கு முதல் பந்தியில் இடம் போட்டு, இலையில் இரண்டு வடை கூடுதலாக வைத்தாள்.

இப்படி எத்தனையோ பேரைப் பார்த்து, இது நம்மால் ஆகாது, டாக்டரிடம் போ என்று சொன்ன வாய், ஒரே ஒரு தடவை சொல்லத் தவறியது. அது சொந்த வீட்டில்.

இரண்டாயிரத்துப் பதினொன்று, கார்த்திகை தீபத்துக்கு ஒரு வாரம் இருந்தது. ஊர் முழுக்க விளக்குக் கட்டும் வேலை. மணிவேல் நாலு நாளாகக் கம்பத்திலேயே இருந்தான். காலையில் சட்டையைப் போட்டுக்கொண்டே, "எடது தோள்பட்ட வலிக்குது திரௌபதி" என்றான். அவள் இட்லியை வைத்துவிட்டு வந்து தைலம் தேய்த்துவிட்டாள். "கைய தூக்கித் தூக்கி வேல செஞ்சா வலிக்காம இன்னா பண்ணும்? ஒரு நாள் லீவு போடுங்க." வியர்த்திருந்தது அவனுக்கு. அப்போதுதான் குளித்துவிட்டு வந்தான் என்று நினைத்துக்கொண்டாள். எத்தனை நாளாக என்று கேட்கவில்லை. வேறு எங்கே வலி என்று கேட்கவில்லை. பகல் பதினொன்றரைக்குக் கடைக்குப் போன் வந்தது. கம்பத்தின் அடியில் உட்கார்ந்திருந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டானாம்.

காரியம் முடிந்தும் திரௌபதி கடைக்குப் போகவில்லை. மகள் கவிநிலா அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். அம்மா அடுப்படியில் உட்கார்ந்து தன் வலது கையை விரித்து விரித்துப் பார்ப்பதை அவள் பார்த்திருக்கிறாள். தைலத்தின் வாசம் எத்தனை சோப்புப் போட்டும் போகவில்லை என்று திரௌபதி ஒருநாள் சொன்னாள். பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள். துக்கம் கேட்டுவிட்டு, எழுந்திருக்கும்போது தயங்கி, "யக்கா, சின்னவனுக்கு காது வலி…" என்று இழுப்பார்கள். "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. டாக்டர்கிட்ட போ" என்பாள்.

இரண்டு மாதம் கழித்துக் குமரேசன் வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"உன்ன கட்டாயப்படுத்த மாட்டேம்மா. நீ வீட்டுலயே இரு. சர்டிபிகேட் அங்கயே தொங்கட்டும். சம்பளம் எப்பவும் போல வந்துடும். பையன் ஒருத்தன் நிக்கறான், அவன் பாத்துக்குவான்."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் திரௌபதிக்குச் சுருக்கென்றது.

"அவன் இன்னா படிச்சிருக்கான்?"

"பத்தாவது பெயில். ஆனா கெட்டிக்காரன்."

"செட்டு போட்டுக் குடுக்கறானா?"

குமரேசன் தரையைப் பார்த்தார். "கேக்கறாங்கம்மா. ஜாஸ்தி இல்ல, ஒண்ணு ரெண்டு…"

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவள் கடையில் இருந்தாள். அந்தப் பையனைப் பெட்டி இறக்கும் வேலைக்கு மாற்றினாள். முதலில் வந்தது ஒரு கிழவர். தோளைப் பிடித்துக்கொண்டு தைலம் கேட்டார். அவரை நிற்க வைத்து எட்டுக் கேள்வி கேட்டாள். மூட்டை தூக்குகிறவர், பத்து வருட வலி, அழுத்தினால் அந்த இடத்திலேயே வலிக்கிறது, வேறு ஒன்றுமில்லை. இருந்தும் அன்று பிற்பகலிலேயே ஒரு இ.சி.ஜி. எடுக்கச் சொல்லி அனுப்பினாள். வீண் செலவு வைத்துவிட்டாய் என்று அவர் இரண்டு வருடம் பார்க்கும்போதெல்லாம் திட்டினார். திரௌபதி ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வாள்.

கடை தானாகத்தான் இளைத்தது. பாதி ஊர் மருந்தைப் போனில் வாங்க ஆரம்பித்தது. புதுக் கடைகளில் ஏ.சி. போட்டிருந்தார்கள். குமரேசன் கொரோனாவின் இரண்டாம் அலையில் போய்ச் சேர்ந்தார். அவர் மகன்கள் ஒரு வருடம் நடத்திப் பார்த்துவிட்டு இடத்தை விற்றார்கள். கடைசி நாளில் மருந்தையெல்லாம் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பிப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். குழந்தை உடம்பெல்லாம் வேர்க்குரு. காலி அலமாரியின் முன்னால் நின்று, திரௌபதி குழந்தைக்குப் பருத்தித் துணி போடச் சொல்லி, பவுடரை அப்பாதே என்று சொல்லி அனுப்பினாள். விற்பதற்கு ஒன்றுமில்லை. பில் போடுவதற்கும் ஒன்றுமில்லை.

கவிநிலா இப்போது கலெக்டர் ஆபீசில் இளநிலை உதவியாளர். அம்மாவை வேங்கிக்காலுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அங்கே புது வீடுகள், அகலமான தெரு, யாருக்கும் யாரையும் தெரியாது. பகலில் திரௌபதிக்கு நேரம் போகாது. கடையில் நின்ற காலத்தில் தெருவில் யார் முழுகாமல் இருக்கிறாள் என்று புருஷனுக்கு முன்னால் அவளுக்குத் தெரியும். இப்போது பக்கத்து வீட்டுப் பெண் மசக்கையில் வாந்தி எடுக்கும் சத்தம் சுவர் வழியாகக் கேட்கிறது. போய்க் கதவைத் தட்டலாமா என்று இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் தட்டினாள். அந்தப் பெண் கதவைப் பாதி திறந்து, "டாக்டர் கிட்ட ஆன்லைன்ல பேசிட்டேன் ஆன்ட்டி, தேங்ஸ்" என்றாள். தப்பில்லை என்று திரௌபதி சொல்லிக்கொண்டாள். எப்படியோ ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டாள், அதுதானே முக்கியம்.

போன வைகாசியில் கவிநிலாவோடு வேலை பார்க்கும் பெண்ணுக்குக் கல்யாணம். போளூர் ரோட்டில் மண்டபம். திரௌபதியும் போயிருந்தாள். சாப்பிட்டுவிட்டு கை கழுவும் இடத்தில் பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும்.

"நீங்க பொம்பள மெடிக்கல் அக்காதான?"

அந்தப் பேரைக் காதால் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. திரௌபதிக்கு ஈரக் கையைத் துடைக்கவும் மறந்துவிட்டது.

"நான் அருணாதேவி. ஸ்கூல்ல டீச்சரா இருக்கேன். எட்டாவது படிக்கும்போது எங்கம்மா என்னக் கூட்டிட்டு உங்க கடைக்கு வந்தாங்க. வயசுக்கு வந்து நாலு மாசம், வயித்து வலி தாங்காம ஸ்கூலே வேணாம்னு அழுதுட்டு இருந்தேன். திரைக்குப் பின்னாடி உக்கார வெச்சி ஒரு மணி நேரம் பேசினீங்க."

"என்ன மாத்திர குடுத்தேன்?"

"ஒண்ணுதான் குடுத்தீங்க. வலிக்கிற மொத நாள் மட்டும் சாப்புடச் சொன்னீங்க. சோத்துக்கு அப்புறம்னு ரெண்டு தடவ சொன்னீங்க."

"இப்ப?"

"ரெண்டு பொண்ணு பொறந்துடுச்சுக்கா" என்று அந்தப் பெண் சிரித்தாள். பிறகு யாரோ கூப்பிட்டார்கள், மொய் எழுதப் போய்விட்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. திரௌபதி அந்த முகத்தை எட்டாம் வகுப்புப் பெண்ணாக்கிப் பார்த்தாள். இரட்டைப் பின்னல் போட்டுப் பார்த்தாள், யூனிபார்ம் போட்டுப் பார்த்தாள். அம்மாக்காரி எப்படி இருந்தாள், குண்டா, ஒல்லியா? ஒன்றும் வரவில்லை. பச்சையம்மாளின் ஜாக்கெட் ஞாபகம் இருக்கிறது. குமரேசன் கொண்டுவந்த பிஸ்கட்டின் பெயர்கூட ஞாபகம் இருக்கிறது. இந்தப் பெண் மட்டும் எங்கோ விட்டுப்போயிருந்தாள். அப்படி இன்னும் எத்தனை பேர் விட்டுப்போயிருப்பார்கள் என்று நினைத்தபோது, வருத்தமா சந்தோஷமா என்று சொல்ல முடியாத ஒன்று நெஞ்சில் வந்து உட்கார்ந்தது.

"யாரும்மா அது, கை கழுவற எடத்துல?" என்று கவிநிலா கேட்டாள்.

"கடைக்கு வந்த பொண்ணு."

"பேரு?"

"அருணாதேவி" என்றாள் திரௌபதி. மறந்துவிடக் கூடாதென்று மெதுவாக இன்னொரு தடவையும் சொல்லிக்கொண்டாள்.